நேற்று சாப்பிட்ட ஆமைக்குட்டி இன்று ஏன் இல்லை?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு. கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீடு. ஐந்து மாதம் முன்பு கடையில் வாங்கிய சல்காட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையின் குட்டி, இப்போது ஏறக்குறைய எட்டு மாத வயது. நேற்று மாலை வெள்ளரித் துண்டைக் கடித்தது, இன்று காலை அசைவில்லை. வாங்கும்போது 45 கிராம், போன வாரம் சமையல் தராசில் வைத்தபோது 58 கிராம். கண்ணாடித் தொட்டி, பகலில் மட்டும் எரியும் 60 வாட் மஞ்சள் பல்பு, தரையில் கூழாங்கல், உணவு வெள்ளரியும் லெட்டூஸும். பாலைவன ஆமை என்று கடைக்காரர் சொன்னதால் தண்ணீர் வாரம் ஒரு முறைதான். ஞாயிற்றுக்கிழமை உணவு வைக்க மறந்ததால்தான் குட்டி 'பொட்டு' செத்துப்போனது என்று ஒன்பது வயது மகள் அழுதுகொண்டிருக்கிறாள். மனதை எப்படித் தேற்றிக்கொள்வது என்பதுதான் நீங்கள் கேட்ட கேள்வி. அதற்குள்ளே இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன: அது உண்மையிலேயே இறந்துவிட்டதா, நான்தான் கொன்றுவிட்டேனா, மகளிடம் என்ன சொல்வது. ஊர்வனவற்றுக்கான மருத்துவம் படித்து அதையே பார்த்து வருபவன் என்ற முறையில் அந்த மூன்றிலிருந்து தொடங்குகிறேன். முதல் இரண்டுக்கும் நேரம் முக்கியம், துக்கம் நாளைக்கும் இருக்கும்.

ஆமை இறந்ததா என்று உறுதி செய்வது நாய், பூனைபோல எளிதல்ல. குளிரில் மரத்துப்போன குட்டி மூச்சே விடாததுபோலத் தெரியும். மறுபக்கம், மூளை நின்ற பிறகும் ஆமையின் இதயம் மணிக்கணக்கில் துடிக்கக்கூடும் என்பதால், துடிப்பு இருப்பதை வைத்து மட்டும் உயிர் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நீங்கள் செய்யக்கூடியது: குட்டியை 28, 30 டிகிரி அளவில் இதமான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். பல்புக்கு நேர் கீழே வைக்க வேண்டாம். பிறகு ஈரப் பஞ்சின் நுனியால் கண்மணியை மெல்லத் தொடுங்கள், பின்காலின் விரலைக் கிள்ளுங்கள், வாலடியைத் தொடுங்கள். மூன்றுக்கும் சிறு இழுப்புகூட இல்லை, தூக்கினால் தலை துணிபோலத் தொங்குகிறது, கண் குழிந்திருக்கிறது என்றால் பெரும்பாலும் முடிந்துவிட்டது. கால்கள் விறைத்துவிட்டாலோ, வாடை வந்துவிட்டாலோ ஐயமே வேண்டாம். மருத்துவரிடம் டாப்ளர் கருவி இருந்தால் இரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்டுச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். காலையிலேயே கால்கள் விறைத்திருந்தன, கண்கள் உள்ளே போயிருந்தன என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்கள் குட்டியைப் பொறுத்தவரை இதில் சந்தேகம் இல்லை.

இப்போது அவசரமான ஒன்று. போஸ்ட்மார்ட்டம் செய்து காரணம் தெரிந்துகொள்ள விரும்பினால் உடலை உடனே குளிரூட்ட வேண்டும். ஈரமில்லாத துணியில் சுற்றி, இரண்டு பாலிதீன் கவருக்குள் போட்டு, ஒரு டப்பாவில் மூடி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில், உணவுப் பொருள்களிலிருந்து தள்ளி வையுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் திசுக்களில் பனித்துகள் உருவாகி செல்கள் உடையும், நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. பிரிட்ஜில் இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் கொண்டுபோவது நல்லது, 48 மணி நேரத்துக்கு மேல் போனால் பலன் மிகவும் குறைந்துவிடும். இவ்வளவு சிறிய உடல் நம் ஊர் வெப்பத்தில் ஒரே பகலில் உள்ளுக்குள் கெட்டுவிடும். நாமக்கல்லிலும் சென்னை வேப்பேரியிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் நோயியல் துறை இருக்கிறது. ஆமையை எடுத்துக்கொள்வார்களா, எப்போது வரலாம் என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூரில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் இருந்தால், அவரே உடலைத் திறந்து சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல், ஓட்டுத் துண்டு ஆகியவற்றை திசுவைக் கெடாமல் வைக்கும் பத்து சதவீத ஃபார்மலின் திரவத்தில் போட்டு அனுப்பலாம். துண்டுகள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல், ஃபார்மலின் திசுவைப்போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். கையோடு ஒரு தாளில் எடை, உணவு, தண்ணீர், வெப்பம், கடைசி ஒரு வாரத்தில் பார்த்ததை எல்லாம் தேதியுடன் எழுதிக் கொடுங்கள். ஆமையில் உடலைவிட அந்தத் தாள் அதிகம் பேசும் நேரம் உண்டு.

போஸ்ட்மார்ட்டம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீரகத்திலும் இதயத்தைச் சுற்றிய பையிலும் சுண்ணாம்புத் தூள் அப்பியதுபோல யூரிக் அமில உப்பு படிந்திருந்தால் அது சொல்லும். நுரையீரலில் சீழ், குடலில் கல் அடைப்பு, மென்மையான எலும்பு, எல்லாம் தெரியும். எந்த நாள், எந்தத் தவறு, யார் காரணம் என்பதைச் சொல்லாது. சிறிய ஊர்வனவற்றில் எதுவும் கிடைக்கவில்லை என்ற முடிவு வருவதும் அரிதல்ல. அதோடு, வயிற்றுப்புற ஓட்டை இருபக்கமும் வெட்டித்தான் திறக்க முடியும் என்பதால், உடல் முழுதாகத் திரும்பி வராது. மகள் கையால் புதைக்க வேண்டும் என்று நினைத்தால் இதை யோசித்து முடிவெடுங்கள். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று சொல்வதும் தவறில்லை. வீட்டில் வேறு ஆமை இருந்தால் மட்டும் கட்டாயம் செய்யச் சொல்வேன், தொற்று நோய் என்றால் அடுத்ததையும் காப்பாற்ற வேண்டுமே. உங்களிடம் வேறு ஆமை இல்லை.

இனி, என்ன நடந்திருக்கும் என்பது. உடலைப் பார்க்காமல் நான் சொல்வது எல்லாம் சாத்தியக்கூறுதான். ஆனால் நீங்கள் கொடுத்த ஒரு எண் பெரிய தடயம். ஐந்து மாதத்தில் 13 கிராம். சல்காட்டா வேகமாக வளரும் இனம், நன்றாகப் பராமரித்த குட்டி இந்த வயதில் 150, 200 கிராமைத் தாண்டியிருப்பது சாதாரணம். அதனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: இது நேற்று இரவு தொடங்கிய நோய் அல்ல. பல மாதமாக உள்ளே நடந்துகொண்டிருந்தது, நேற்று இரவு முடிந்தது.

அந்த நீண்ட நோய் எது என்பதில் என் முதல் ஊகம் நீர்ச்சத்து இழப்பு. சல்காட்டா சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாகேல் புல்வெளியைச் சேர்ந்தது, அதனால்தான் கடைகளில் பாலைவன ஆமை, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளியே எவ்வளவு வறட்சி இருந்தாலும் அது வாழ்வது நிலத்தடி வளைக்குள், அங்கே ஈரப்பதம் அதிகம். குட்டியின் உடல் சிறியது, ஓடு மெல்லியது, நீர் வேகமாக ஆவியாகும். பல்பின் நேரடிச் சூட்டில் கூழாங்கல் மேல் நாள் முழுக்க இருந்தால் உடல் காய்ந்துகொண்டே போகும். ஆமையின் கழிவு பெரும்பாலும் யூரிக் அமிலமாக, வெள்ளைப் பசைபோல வெளியே வரும். நீர் போதவில்லையென்றால் அந்தப் பசை மணல்போலக் கரகரப்பாகும், பிறகு சிறுநீரகத்திலேயே தங்கிவிடும். தொட்டியில் காய்ந்த வெள்ளைக் கட்டிகளைப் பார்த்த நினைவு இருந்தால் அது இந்தப் பக்கம் கைகாட்டுகிறது.

இதிலேயே இன்னொரு கிளை உண்டு, அது உங்களுக்கு முக்கியம். முட்டையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில் வறண்ட பெட்டியில் வைக்கப்பட்ட குட்டிகள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் சில மாதங்களில் வளர்ச்சி நின்று, ஓடு மெத்தென்றாகி, எந்தப் பராமரிப்பும் எடுபடாமல் இறந்துபோவதை உலகெங்கும் ஆமை வளர்ப்பவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆரம்ப வறட்சியில் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். அனுபவத்தில் அது மிகவும் பொருந்துகிறது, நானும் ஏற்கிறேன். ஆனால் ஐயமற நிறுவப்பட்ட ஒன்றாக இதைச் சொல்ல மாட்டேன். உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பாதி முடிந்திருந்த கதையாக இது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டாவது ஊகம் எலும்புத் தேய்வு. வெள்ளரியில் 100 கிராமுக்கு கால்சியம் ஏறக்குறைய 16 மில்லிகிராம், பாஸ்பரஸ் 24. ஆமைக்கு இது தலைகீழாக, கால்சியம் பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். அதோடு, சாப்பிட்ட கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும், அது தோலில் உருவாக வெயிலில் உள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். மஞ்சள் பல்பில் அது இல்லை, ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலிலும் ஏறக்குறைய இல்லை. விரலால் மெல்ல அழுத்தினால் ஓடு நெகிழ்ந்ததா, நடக்கும்போது வயிறு தரையில் உரசியதா என்று யோசித்துப் பாருங்கள். இரத்தத்தில் கால்சியம் மிகவும் இறங்கினால் தசையும் இதயமும் தடுமாறும், அப்படி இரவோடு இரவாக முடிந்துவிடுவதும் உண்டு. மூன்றாவது, இரவுக் குளிர். கோவையில் டிசம்பர், ஜனவரி இரவுகள் 18, 19 டிகிரிக்கு இறங்கும். பல்பை அணைத்த பிறகு கண்ணாடித் தொட்டியும் அந்த அளவுக்குப் போயிருக்கும். நலமாக இருக்கும் பெரிய ஆமை அதைத் தாங்கும். ஏற்கெனவே மெலிந்த குட்டிக்கு அது கடைசித் தள்ளலாக இருக்கலாம், நிமோனியாவும் அப்படித்தான் பிடிக்கும்.

உண்மையிலேயே திடீரென்று கொல்பவையும் சில இருக்கின்றன. அவற்றையும் ஒன்றொன்றாகக் கேட்டுத் தள்ளிவிடுங்கள். பூச்சி நீக்க யாராவது ஐவர்மெக்டின் ஊசியோ மருந்தோ கொடுத்தார்களா? நாய்க்கும் மாட்டுக்கும் அன்றாடம் கொடுக்கும் இந்த மருந்து ஆமைக்கு ஆகாது, தசைகள் செயலிழந்து சாகும். இதைப் படிக்கும் ஆமை வளர்ப்பவர்கள் எல்லோரும் இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி இருந்த அறையில் கொசு மருந்தோ கரப்பான் ஸ்பிரேயோ அடித்தீர்களா, தொட்டியைச் சுற்றி எறும்புப் பொடி போட்டீர்களா? பால்கனியில் அரளிச் செடி இருந்து அதன் இலை உள்ளே விழுந்ததா? அரளியின் நச்சு நேராக இதயத்தைத் தாக்கும். பல்புக்கு அடியில் மல்லாந்து கிடந்ததா? கவிழ்ந்த குட்டி நிமிர முடியாமல் சூட்டில் மாட்டிக்கொண்டால் சிறிது நேரத்திலேயே உயிர் போய்விடும். தண்ணீர்த் தட்டில் தலை மூழ்கிக் கிடந்ததா? கூழாங்கல்லை விழுங்கியதைப் பார்த்தீர்களா? கால்சியம் போதாத குட்டி கல்லைத் தின்னும். இவற்றில் எதற்கும் ஆம் என்று பதில் வராவிட்டால் மேலே சொன்ன மெதுவான காரணங்களே மிஞ்சும்.

அப்படியானால் நேற்று எப்படிச் சாப்பிட்டது என்ற கேள்வி உங்களைக் குடைவது தெரிகிறது. ஆமை இரையாகும் விலங்கு. பலவீனத்தைக் காட்டினால் வேட்டை விலங்குகள் பிடித்துத் தின்றுவிடும் என்பதால் கடைசி வரை நடமாடும், வாயை அசைக்கும். உடல் இயக்கமே மெதுவானது என்பதால் உறுப்புகள் கெட்ட பிறகும் வாரக்கணக்கில் தள்ளிக்கொண்டு போகும். கடித்தது என்பதும் விழுங்கியது என்பதும் வேறு, குட்டி கடித்துப் போட்ட துண்டு தொட்டியில் கிடந்தால் அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் வாரம் ஒரு முறை எடைபோட்டுக் குறித்து வைப்பது ஒன்றுதான் இதை முன்கூட்டியே காட்டும். அதை எந்தக் கடையிலும் சொல்லித் தருவதில்லை.

நான் கொன்றுவிட்டேனா என்று கேட்டீர்கள். உங்கள் பராமரிப்பில் குறை இருந்தது. தண்ணீர், உணவு, விளக்கு, தரை, நான்கிலும் இருந்தது. இதை மழுப்பினால் நீங்கள் நம்பப் போவதில்லை, ராத்திரி இரண்டு மணிக்கு மனம் தானே அதைக் கண்டுபிடித்துக் குத்தும். ஆனால் குறை இருந்தது என்பதற்கும் கொன்றேன் என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. மூன்று விஷயங்களைத் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்: அன்று உங்களுக்கு என்ன சொல்லப்பட்டது, அன்று உங்கள் கண்ணுக்கு என்ன தெரிந்தது, இன்று உங்களுக்கு என்ன தெரியும். குற்ற உணர்வு எப்போதும் மூன்றாவதை எடுத்து முதல் இரண்டின் இடத்தில் வைக்கிறது. விற்றவர் சொன்னதை ஐந்து மாதம் தவறாமல் செய்தீர்கள். எடைகூடப் பார்த்தீர்கள், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அறியாமையால் நேர்ந்ததற்கு வருத்தம் உண்டு, பொறுப்பும் கொஞ்சம் உண்டு. வேண்டுமென்றே அலட்சியப்படுத்தியவருக்கு உரிய பழி அதில் இல்லை.

துக்கத்தைக் கூட்டும் ஒரு நம்பிக்கையும் இருக்கிறது. ஆமை நூறு வருஷம் வாழும், நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்கும் என்று சொல்லித்தான் வாங்குகிறோம். அதனால் எட்டு மாதத்தில் போனால் ஏதோ இயற்கைக்கு விரோதமாக நடந்துவிட்டதுபோலத் தோன்றும். நீண்ட ஆயுள் வளர்ந்த ஆமைக்கு உரியது. காட்டில் பிறக்கும் ஆமைக்குட்டிகளில் பெரும்பாலானவை பெரியதாவதற்குள் இறந்துவிடுகின்றன. ஒரு பெண் ஆமை ஆயுள் முழுக்க அத்தனை முட்டை இடுவதே அதனால்தான். முதல் ஓரிரு ஆண்டுகள் ஆமையின் வாழ்விலேயே மிகவும் ஆபத்தான பகுதி, அனுபவசாலிகள் கையிலும் குட்டிகள் போவதுண்டு.

அழுகை வருவதைப் பற்றிக் கூச்சப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கத் துயர ஆய்வாளர் கென்னத் டோகா 1980களின் இறுதியில் இப்படிப்பட்ட இழப்பைத்தான் தனியாக எடுத்துப் பேசினார்: சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கம். அது அளவில் சிறியதல்ல. பகிர ஆள் இல்லாததால் இன்னும் கனக்கிறது, அவ்வளவுதான். நாய் போனால்கூட பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், ஆமைக்கு "ஆமைதானே, வேற வாங்கிக்கோ" என்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று தொடங்கி, போனதே நல்லது என்றுகூடச் சொல்வார்கள். அவர்களோடு வாதாட இது நேரமில்லை. "அத்தை, நாங்க ரொம்ப பிரியமா வளர்த்தோம், இப்ப அதைப் பத்திப் பேச வேண்டாமே" என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, புரிந்துகொள்ளும் ஒரே ஒருவரிடம் முழுதாகப் பேசுங்கள். அடுத்த சில நாட்கள் கண்ணாடியைச் சுரண்டும் சத்தம் கேட்டதுபோல இருக்கும், காலையில் கை தானாக லெட்டூஸை எடுக்கும். இது இயல்பு, மூளை பழக்கத்தை விட நேரம் எடுக்கும். பல்பு டைமரில் இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். ஆளில்லாத தொட்டியில் காலையில் விளக்கு தானாக எரிவது பலரை நிலைகுலைய வைக்கிறது. தொட்டியை இன்றே தூக்கிப் போடவும் வேண்டாம், மாதக்கணக்கில் கூடத்தில் வைத்திருக்கவும் வேண்டாம். ஒரு வாரம் கழித்து மகளோடு சேர்ந்து கழுவி வைப்பது நல்ல நடு வழி. பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் அன்றாடம் திரும்பிவிடும். தூக்கமும் சாப்பாடும் அதற்கு மேலும் திரும்பவில்லை, அல்லது வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட, 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி அது, தமிழில் பேசலாம். ஆமைக்காக அழைப்பதா என்று தயங்க வேண்டாம். பழைய இழப்பு ஏதாவது இதன் அடியில் கிடப்பது சாதாரணமாக நடப்பது.

மகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது மருத்துவ உண்மை, அது நூறு சதவீதம் உறுதியானது: ஒரு நாள் உணவு வைக்காததால் ஆமை சாகாது. குட்டிகூடப் பல நாள் பட்டினி தாங்கும். "நீ மறந்ததால இல்லை. பொட்டுவுக்கு வயித்துக்குள்ள ரொம்ப நாளா உடம்பு சரியில்லாம இருந்திருக்கு, நமக்கு யாருக்கும் தெரியல" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் போதாது, அவள் வேறு வேறு விதமாகத் திரும்பக் கேட்பாள், ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள். தூங்குகிறது, ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லாதீர்கள். ஒன்பது வயதில் இறப்பு திரும்பாதது என்று நன்றாகவே தெரியும், பொய் சொன்னால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கைதான் குறையும். சாமியிடம் போய்விட்டது என்பது உங்கள் வீட்டு நம்பிக்கையாக இருந்தால் சொல்லலாம், ஆனால் இறந்துவிட்டது என்ற சொல்லை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சொல்லுங்கள். பொட்டுவைப் போலவே இருக்கும் வேறொரு குட்டியைக் கமுக்கமாக வாங்கி வைத்து ஏமாற்றும் யோசனை யாராவது கொடுத்தால் ஏற்காதீர்கள். உடலைப் பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். உங்கள் தவறைப் பற்றிக் கேட்டால், "தண்ணி நிறைய காட்டணும்னு அப்பாவுக்குத் தெரியாம போச்சு" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் தெரியாமல் போகும் என்று கேட்பது அவள் பாரத்தைக் குறைக்கும்.

புதைப்பது எளிது. பருத்தித் துணியில் சுற்றி, பாலிதீன் இல்லாமல், கிணறு, போர்வெல் இருக்கும் இடத்திலிருந்து தள்ளி, இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். ஆழம் குறைந்தால் நாய் தோண்டும். அடுக்குமாடியில் இடம் இல்லையென்றால் ஒன்றரை அடி ஆழமுள்ள பெரிய பூந்தொட்டியில் புதைத்து மேலே பூச்செடி வைக்கலாம். துளசி, கீரைபோல வாயில் போடுபவை வேண்டாம். ஆமைகள் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், நோயில்லாத ஆமையிலும் இருக்கும். அதனால் உடலைத் தொட்ட பிறகு எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமை இருந்த கண்ணாடித் தொட்டியைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. முதலில் சோப்பால் அழுக்கு போகத் தேய்த்து, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்து பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி வெயிலில் காயவையுங்கள். கூழாங்கல்லைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நினைவாக ஓட்டை எடுத்து வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். இந்த வயதில் ஓடு முழுதாக எலும்பாகியிருக்காது, தகடு தகடாகப் பிரிந்துவிடும். ஒரு புகைப்படம் போதும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சல்காட்டா வெளிநாட்டு இனம், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் 2024இல் வந்த விதிகளின்படியும், இப்படிப்பட்ட விலங்கை வைத்திருப்பதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், இறப்பையும் தெரிவிக்க வேண்டும். பதிந்திருந்தால் அதைச் செய்துவிடுங்கள், மருத்துவரின் இறப்புச் சான்று கையில் இருப்பது நல்லது. நீங்கள் எடுத்த பொட்டுவின் படத்தையும் ஒரு முறை பாருங்கள். மணல் நிறத்தில், தகடுகளின் ஓரம் மட்டும் பழுப்பாக இருந்தால் சல்காட்டா. ஒவ்வொரு தகட்டின் நடுவிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போல விரிந்திருந்தால் அது நம் நாட்டு நட்சத்திர ஆமை. அதை வாங்குவதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம், 2019 முதல் சைட்டிஸ் முதல் பட்டியலிலும் இருக்கிறது. சல்காட்டா என்று சொல்லி அதை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த ஆமை வாங்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் துக்கம் மட்டும் இல்லை. கலாபகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகின் மூன்றாவது பெரிய நில ஆமை இனம் சல்காட்டா. 40, 50 கிலோ வரும், தோண்டிக்கொண்டே இருக்கும், ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழும். அடுக்குமாடி வீட்டில் அதற்கு எதிர்காலம் இல்லை. பொட்டு பிழைத்திருந்தால் இன்னும் ஐந்தாறு ஆண்டில் அந்தக் கேள்வி உங்கள் முன் வந்து நின்றிருக்கும். என்றாவது மண் தரையுள்ள இடத்துக்கு மாறி, பதிவுள்ள ஒருவரிடமிருந்து பெறும் வாய்ப்பு வந்தால், குட்டி வருவதற்கு ஒரு மாதம் முன்பே இருப்பிடத்தைத் தயார் செய்து, குட்டி இல்லாமலே இயக்கிப் பாருங்கள்: வெயில் காயும் இடம் 35 முதல் 38 டிகிரி, மற்ற இடம் 27க்குக் குறையாமல், இரவிலும் அப்படியே. ஈரமான தென்னை நார்த்தூள் தரை, ஈரப்பதம் 70 முதல் 80 சதவீதம். தினமும் 20, 30 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில், கழுத்துக்குக் கீழ் வரை ஊறவைப்பது. நிழலும் உள்ள இடத்தில் தினமும் அரை மணி நேரம் நேரடி வெயில், அது முடியாத நாளில் குழல்வடிவ யுவிபி விளக்கு. உணவுக்கு அருகம்புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. வெப்பமானியும் ஈரப்பதமானியும் ஒரு மாதம் இந்த அளவுகளை விடாமல் காட்டினால் மட்டும் குட்டியைக் கொண்டுவாருங்கள். கொண்டுவரும் முதல் நாளே தராசில் வைத்து எடையையும், மருத்துவரின் போன் எண்ணையும் ஒரே தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள்.